கலங்கல் போக ஐந்து நிமிடம்

பெருமுக்கல் மலைக்குப் பின்பக்கம் இருக்கும் அந்த ஊரில் தண்ணீர்த் தொட்டிக்கு அறுபத்தொரு படி. பஞ்சாயத்துப் பதிவேட்டில் ஐம்பத்தெட்டு என்று இருக்கிறது. எண்ணினவர் கீழே நின்றபடியே எண்ணியிருப்பார். டேங்க் ஆபரேட்டர் பூமாலையின் முழங்காலைக் கேட்டால் காலையில் அறுபத்தொன்று, சாயங்காலம் தொண்ணூறு. பதினேழு வருஷமாகத் தினமும் பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார். ஏறின படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் இந்நேரம் நிலாவுக்குப் போய் அங்கே ஒரு வால்வைத் திறந்துவிட்டு வந்திருக்கலாம். நிலாவுக்கும் மேட்டுத் தெருக்காரர்கள் போன் போட்டு, "எங்களுக்கு இன்னும் வரல" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கடைசி ஏழு வருஷப் படிகளை அவர் ஏறியதற்கு ஒரே காரணம், கீழே நின்று எண்ணுவதற்கு மகள் இசைவாணி இருந்தாள். ஒன்றாம் வகுப்பில் எண் படிக்கும்போது பிடித்த பழக்கம், எட்டாம் வகுப்பு வந்தும் விடவில்லை. நடுவில் அவர் மூச்சு வாங்கி நின்றால், "முப்பத்தி நாலு... முப்பத்தி நாலு... முப்பத்தி நாலு..." என்று அவர் காலைத் தூக்குகிறவரை அதே எண்ணைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். உச்சிக்குப் போனதும், "அறுவத்தி ஒண்ணு! ப்பா, போதும், எறங்கு!" என்று கத்திவிட்டுத்தான் பள்ளிக்கூட பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள்.

போன மாதம் இருபத்தொன்றாம் தேதி காலையில் அந்த எண்ணிக்கை நின்றுபோனது.

முதல் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரே போன். பகலில் அது பூமாலையின் சட்டைப் பையில் இருக்கும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இசைவாணி கையில் இருக்கும். எட்டாம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வுக்குப் படிக்கிறாள். டீச்சர் பாடங்களை வீடியோவாக அனுப்புவார். மலை மறைப்பதால் ஊருக்குள் பேசுவதற்கு மட்டும் சிக்னல் கிடைக்கும், நெட் வராது. மலையைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுக்கச் சொல்லி டவர்காரர்கள் மனுக் கொடுத்திருப்பதாகக் கேள்வி. அது நடக்கிற வரைக்கும் என்று திண்டிவனத்திலிருந்து கோபி என்ற லைன்மேன் வந்து, தெருவுக்குக் கம்பி இழுத்து, வீட்டுக்கு வீடு ஒரு வைஃபை பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

கம்பி இல்லாமல் நெட் வருகிற ஒரே இடம் தொட்டியின் உச்சி. அங்கே ஏறிப் பூமாலை மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது தொண்ணூறு மெசேஜ் ஒன்றாக வந்து விழும். எல்லாம் மாவட்டத்து டேங்க் ஆபரேட்டர்கள் சேர்ந்து வைத்திருக்கும் 'தூய நீர் நண்பர்கள்' குரூப்பில் இருந்து. படிக்க நேரமில்லை, பதில் போடாவிட்டால் மரியாதையில்லை. அதனால் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கும்பிடு பொம்மையைத் தட்டிவிட்டு இறங்கிவிடுவார். களைத்த மனுஷனுக்கு அதுதான் சுருக்கு வழி.

இருபதாம் தேதி தொட்டி கழுவுகிற நாள். மாதத்தில் ஐந்தும் இருபதும் கழுவிவிட்டு, தொட்டிக் காலில் 'சுத்தம் செய்த நாள்' என்று பெயிண்டில் எழுத வேண்டும். அன்றும் கழுவி, எழுதி, போனை வீட்டில் கொடுத்துவிட்டு, வால்வு திறக்கப் போய்த் திரும்பினார். வாசலிலேயே மனைவி பிரபாவதி நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாங்க, பாப்பா போன பாய் மேல வீசிட்டு தோட்டத்துல போய் குந்திக்கினு இருக்கா. இன்னாடின்னு கேட்டா 'போன்ல அசிங்கம்'ன்றா. அதுக்கு மேல வாயத் தொறக்கல."

"இன்னா அசிங்கம்?"

"அதத்தான் சொல்ல மாட்றாளே. சோறு கூட வேணான்ட்டா. ஏதோ படம் போல இருக்குது. அந்தப் பொட்டிய மாட்டாதீங்கன்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

அன்றைக்கு அவள் அப்படிச் சொல்லவில்லை. சீக்கிரம் மாட்டச் சொன்னவளே அவள்தான். பூமாலை அதைக் கிளறவில்லை. சுவரில் வைஃபை பெட்டி தனக்கொன்றும் தெரியாதது போலப் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவர் படியேறும்போது கீழே யாரும் இல்லை. தினமும் இசைவாணி கொண்டுவந்து கையில் கொடுக்கும் சாயங்கால டீ மட்டும் தொட்டியடியில் மூடி போட்டு வைத்திருந்தது. கேட்டால் 'ம்' என்றாள். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. தகப்பனிடம் சொல்ல வேண்டியதைத் தாயிடம் சொன்னாள்; முகத்தை மட்டும் அவர் பக்கம் திருப்பவில்லை. பிள்ளை எதையோ பார்த்துப் பயந்துபோயிருக்கிறாள், காப்பாற்ற வேண்டிய அப்பன் காப்பாற்றவில்லை என்று கோபம் என்று பூமாலை எடுத்துக்கொண்டார். அசிங்கம் உள்ளே வராமல் நிறுத்திவிட்டால் எண்ணிக்கை திரும்பிவிடும். அவ்வளவுதான் கணக்கு.

திண்டிவனத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் ஆனந்தராஜிடம் போனைக் கொடுத்தார்.

"இது ஒரு பேஜாரே இல்லண்ணே. கொழந்தப் பூட்டு ஒண்ணு போட்டுட்றேன். ஈ கூட உள்ள வராது."

பூட்டு சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. முதல் நாள், பூவில் மகரந்தச் சேர்க்கை என்ற பாடத்தைத் திறக்க மாட்டேன் என்றது. இரண்டாம் நாள், கோழி முட்டையிடுவதைத் தடுத்தது. மூன்றாம் நாள் போன் முழுக்க ஒரு கரடி வந்து உட்கார்ந்துகொண்டு ஆங்கில எழுத்துச் சொல்லிக்கொடுத்தது. நான்காம் நாள் மேட்டுத் தெருவிலிருந்து வந்த போன்களையும் பூட்டு நிறுத்திவிட்டது. அவர்கள் பேசுகிற பேச்சு அப்படி. பதினேழு வருஷத்தில் முதல்முறையாகப் பூமாலை அன்று மத்தியானம் படுத்துத் தூங்கினார். எழுந்திருக்க மனசில்லாமல் எழுந்து, பஸ் ஏறிப் போய், பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். பிள்ளைக்குத் தேர்வு இருக்கிறதே, கரடி வந்தா எழுதும்?

அப்புறம்தான் தனக்குத் தெரிந்த வேலையில் இறங்கினார்.

நாள் முழுக்கத் திறந்து கிடக்கிற குழாயில் நல்ல தண்ணீர் வந்ததாக எந்த ஊரிலும் வரலாறு கிடையாது. நேரம் வைத்துத் திறக்க வேண்டும், நேரம் வைத்து மூட வேண்டும். திறந்தவுடன் பிடிக்கவும் கூடாது. குழாயில் தேங்கிக் கிடந்த கலங்கல் முதலில் வரும். ஐந்து நிமிடம் தரையில் விட்டுவிட்டுத்தான் குடம் வைக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு வைஃபை பெட்டியின் சுவிட்சைப் பூமாலை தன் கையாலேயே போட்டார். போட்டதும் போனைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றார். வருகிற அழுக்கெல்லாம் சுவரில் போகட்டும். சுவரில் காலண்டர் முருகன் இருந்தார். அவர் எதற்குப் பார்க்க வேண்டும் என்று பிரபாவதி அவரைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டினாள். இசைவாணி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா சுவருக்குப் போன் காட்டுவதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, அஞ்சு நிமிசம் ஆச்சுன்னு சொல்லு."

ஏழு மணிக்குச் சுவிட்ச் நின்றது. அந்தச் சுவரில் ஆறு வருஷமாகக் குடும்பத்தோடு இருந்த பல்லி மூன்றாம் நாள் பெண்டாட்டியை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டது. இதைப் பிரபாவதியே பார்த்திருக்கிறாள்.

ஊரில் எந்த வீட்டில்தான் பிள்ளை இல்லை, எந்த வீட்டில்தான் பயம் இல்லை? ஒரு வாரத்தில் தெரு முழுக்க இதே முறை. கம்பி சரி பார்க்க வந்த கோபி தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணே, நெட்டு தண்ணி மாரி இல்லண்ணே!"

"நீ லைன் இழுக்கறவன். உள்ள இன்னா ஓடுதுன்னு உனக்கு இன்னா தெரியும்?" என்றார் பூமாலை, சோர்வாக. உண்மையிலேயே கோபிக்கு அது தெரியாது.

பிரச்சினை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பூமாலையின் சுவரும் முனியம்மாளின் சுவரும் ஒரே சுவர்.

"யோவ் பூமால! உங்கூட்டுக் கலங்கல எங்க செவுத்துல இன்னாத்துக்கு உட்ற? அந்தாண்ட எம்பேத்தி சாஞ்சிக்கினு படிக்கிறா! ஊறி இந்தப் பக்கம் வந்தா எவன் பொறுப்பு?"

"ஒம்போது இஞ்ச் செவுரு யக்கா. ஊறாது."

"மழைக்கே ஊறுது. இதுக்கு ஊறாதா?"

நியாயமான கேள்வி. அதற்கப்புறம் யார் வீட்டுச் சுவரும் வேண்டாம், யாரும் இல்லாத பக்கமாகப் பிடிப்போம் என்று தெருவே கூடி முடிவெடுத்தது. ஆள் இல்லாத பக்கம் என்றால் மலைதான். மாலை ஆறு அடித்தால் வாசலுக்கு ஒருவராக வந்து நின்று, வெளிச்சம் எரிகிற போனை இரண்டு கையாலும் தூக்கி மலைக்குக் காட்டினார்கள். அந்த நேரத்துக்குத் திண்டிவனத்திலிருந்து வருகிற பஸ்ஸின் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இன்னா, மலைக் கோயிலுக்கு ஆரத்தியா?" என்று கேட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் எதற்கு வம்பு என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். இன்றைக்கும் கும்பிடுகிறார்கள். ஆறு மணி பஸ்ஸில் ஏறினால் நீங்களும் கும்பிடுவீர்கள்.

இத்தனையும் நடந்து, இசைவாணி மட்டும் அப்படியே இருந்தாள். ஒருநாள் பூமாலை கேட்டே விட்டார்.

"பாப்பா, இப்பல்லாம் சுத்தமா வருதா?"

"ம்."

அறுபத்தொரு படியையும் தனியாக ஏறினார். நடுவில் நிற்கும்போது எத்தனையாவது படியில் நிற்கிறோம் என்பதே தெரியவில்லை.

சனிக்கிழமை விழுப்புரத்தில் டேங்க் ஆபரேட்டர்களுக்குக் குளோரின் பயிற்சி வந்தது. அதே நாளில் இசைவாணிக்கும் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மாதிரித் தேர்வு. அப்பாவும் மகளும் ஒரே சீட்டில், பேசிக்கொள்ளாமல், ஒன்றரை மணி நேரம் போனார்கள். அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்ததும் கெடார் டேங்க் ஆபரேட்டர் வெங்கடாசலம் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"யோவ் பூமால! தெனம் போன்ல பாக்கறன், நேர்ல பாத்து எத்தினி நாளாச்சு!" பக்கத்தில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "தோ, இவுருதான்யா கும்பிடு பூமால. இன்னா போட்டாலும் கும்புடுவாரு. போன மாசம் நான் அந்தப் படம் போட்டனே, நீங்கல்லாம் பயந்துக்கினு கம்முனு குந்திக்கினு இருந்தீங்க. இவுரு ஒர்த்தருதான்யா பக்தியா கும்பிட்டாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். பூமாலையும் பாதி சிரித்தார்.

"எந்தப் படம்?"

"ஐய! ஒண்ணும் தெரியாத மாரி கேக்கறாரு பாரு!"

பூமாலை வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து, குரூப்பில் பின்னாலேயே போனார். காலை வணக்கங்கள், மூன்று சாவு, ஒரு மோட்டார் விற்பனைக்கு, காணாமல் போன ஓர் எருமை, மறுபடி காலை வணக்கங்கள். இருபதாம் தேதி. திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, மேலே தெரிந்ததே போதுமாக இருந்தது. அதற்குக் கீழே இரண்டு கைகள், கூப்பியபடி. அனுப்பியவர் பூமாலை. நேரம் பதினொன்று நாற்பத்திரண்டு. அந்த நேரத்தில் அவர் தொட்டி உச்சியில் ஈரக் கையோடு நின்றிருந்தார்.

குரூப்பில் வருகிற படமெல்லாம் தானாகவே போனின் போட்டோக்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அன்று சாயங்காலம் இசைவாணி, அறிவியல் நோட்டைப் படம் எடுத்து வைத்திருந்ததைத் தேடியிருக்கிறாள். பக்கத்தில் இது இருந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் போயிருக்கிறாள். அங்கே அப்பா கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்.

பதினேழு வருஷத்தில் எந்த வீட்டில் தண்ணீர் கலங்கலாக வந்தாலும் பூமாலை முதலில் தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் குழாயைத் திட்டுவார். இந்த ஒரு விஷயத்தில்தான் தொட்டியைப் பார்க்காமல் ஊர் முழுக்கக் குழாயைத் திருப்பிவிட்டார்.

குளோரின் பற்றி அன்று என்ன சொன்னார்கள் என்பது அவருக்குத் தெரியாது. சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஜன்னலோரம் அவள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றது. வேகவைத்த வேர்க்கடலை விற்கிறவர் ஏறி, 'மல்லாட்டை' என்று கத்தி, இறங்கிப் போனார்.

"பாப்பா. அந்தக் குரூப்புல வந்திச்சே... அத நான் பாக்கல."

அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கும்பிட்டிருந்தியே."

நான்கு வாரத்தில் அவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. அவரைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

"எல்லாத்துக்கும் கும்புடுவேன் பாப்பா. மேல ஏறுனா ஒரே நேரத்துல வந்து வுழுது. பதில் போடலன்னா மதிக்கலன்னு நெனப்பாங்க..."

"பாக்காம இன்னாத்துக்குக் கும்பிட்ட?"

பூமாலை போனை எடுத்து அவள் மடியில் வைத்தார். அவள் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சாவு, கும்பிடு. பிறந்தநாள், கும்பிடு. எருமையைக் காணோம், கும்பிடு. எருமை கிடைத்துவிட்டது, கும்பிடு. விரல் ஓரிடத்தில் நின்றது.

"'எம்பொண்டாட்டி வூட்ட வுட்டு பூட்டா'ன்னு ஒர்த்தர் போட்டிருக்காரு. அதுக்கும் கும்பிட்டிருக்க."

"போட்டிருப்பேன்."

"அவுரு இன்னா நெனச்சிருப்பாரு ப்பா?"

அந்தக் கடைசி 'ப்பா'வைப் பூமாலை கேட்டார். கேட்காதது போல முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவளும் அதைக் கவனிக்காதது போல இருந்தாள்.

"நீ அதெல்லாம் பாக்கற ஆளுன்னு நெனச்சேன்" என்றாள், மெதுவாக. "தெனம் செவுத்துக்குப் போன் காட்னியா... எங்கிட்ட நடிக்கிறன்னு நெனச்சேன்."

அறுபத்தொரு படிக்கும் சேர்த்து வாங்காத மூச்சு அப்போது வாங்கியது.

"குரூப்ப வுட்டு வந்துட்றேன்."

"ஆபீஸ் ஆர்டர் எல்லாம் அதுலதான வருது?"

"ஆமா."

"அப்ப அவுங்களாண்ட சொல்லு."

பூமாலை வாழ்நாளில் குரூப்பில் ஓர் எழுத்து எழுதியதில்லை. ஒரு விரலால் தட்டத் தொடங்கினார். தொடங்கும்போது வண்டி டோல்கேட்டில் நின்றது; முடிக்கும்போது திண்டிவனம் வந்துவிட்டது. 'இது என் மகள் படிக்கிற போன். இனி அசிங்கம் போடாதீங்க. போன மாதம் நான் பார்க்காமல் கும்பிட்டது என் தப்பு. பூமாலை, டேங்க் ஆபரேட்டர்.' அனுப்பியதும் இசைவாணி போனை வாங்கி, அந்தப் படத்தை அழித்து, வருவது தானாகப் போட்டோவுக்குள் விழாதபடி எதையோ மாற்றினாள். ஆனந்தராஜின் பூட்டு நான்கு நாளிலும் செய்யாத வேலை. இது இரண்டு தட்டு.

ஊர் பஸ் ஏறுவதற்குள் பதினோரு பேர் குரூப்பை விட்டுப் போயிருந்தார்கள். நாற்பத்து மூன்று பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். படித்துவிட்டுப் போட்டார்களா என்பது அந்தப் பெருமுக்கல் மலைக்குத்தான் வெளிச்சம். வெங்கடாசலம் மட்டும் எழுதியிருந்தார்: 'சரிய்யா. எங்கூட்லயும் ரெண்டு பொண்ணு இருக்குது.'

இவர்கள் இறங்கும்போது மணி ஆறு. தெரு முழுக்க வாசலில் நின்று மலைக்குப் போன் காட்டிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொல்லலாமா என்று பூமாலை யோசித்தார். ஒவ்வொரு வாசலாக நின்று விளக்கம் சொல்லும் தெம்பு இல்லை. அந்த ஐந்து நிமிடமாவது பெரியவர்கள் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிறார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலை, கரைசலைத் தூக்கிக்கொண்டு தொட்டி ஏறினார். கீழே திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து, ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது? ஒரு கட்டத்தில் முழங்கால் மாட்டேன் என்றது. நின்றார்.

"நாப்பத்தி ரெண்டு..." என்றது கீழேயிருந்து.

அவர் காலைத் தூக்கவில்லை.

"நாப்பத்தி ரெண்டு... நாப்பத்தி ரெண்டு... ப்பா, பஸ்ஸு வந்திட்ச்சி! மீதிய நீ எண்ணிக்க!"

பை குலுங்க ஓடுகிற சத்தம் கேட்டது. மீதிப் பத்தொன்பதைப் பூமாலை வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினார். உச்சியில் தொண்ணூறு மெசேஜ் விழுந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, தொட்டி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதலில் வந்ததிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் முக்கால் மணி நேரம் தாமதம்.